புகைவாயு அளக்கும் கருவிகளும் அவற்றின் செல்களும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்கம்

அன்புடையீர்,

வணக்கம். பொயிலர் (கொதிகலன்), பேர்னர் (எரிப்பான்) சேர்விஸ் செய்பவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் எங்கள் கடையைக் குறித்து ஒரு குரல்பதிவு சில வாரங்களாகச் சுற்றி வருவதை உங்களில் பலர் எங்களுக்குத் தெரிவித்தீர்கள். எங்களிடம் வாங்கிய புகைவாயு அளக்கும் கருவி இரண்டு ஆண்டுகளில் ஒட்சிசன் காட்டவில்லை என்பதும், அதன் செல்லை (வாயுவை உணரும் பாகத்தை) மாற்றக் கேட்ட விலை அதிகம் என்பதும் அதில் வந்த நியாயமான கேள்விகள். ஆனால் பழைய இருப்பைப் புதிது என்று தலையில் கட்டிவிட்டோம் என்ற சொல், பழைய சோனகத் தெருவில் இத்தனை காலம் கடை நடத்தும் எங்களை மிகவும் புண்படுத்தியது. ஆகவே அதற்கே முதலில் பதில் தருகிறோம்.

இந்தக் கருவிகள் பலவற்றின் ஒட்சிசன் செல்லுக்குள் ஈயம் இருக்கிறது. காற்றிலுள்ள ஒட்சிசன் உட்புகுந்ததும் ஈயம் ஒட்சியேறத் தொடங்குகிறது. அந்தத் தாக்கத்தில் பிறக்கும் சிறு மின்னோட்டத்தையே கருவி வீதமாக மாற்றித் திரையில் காட்டுகிறது. கருவியை அணைத்துப் பெட்டியில் பூட்டி வைத்தாலும் இந்தத் தாக்கம் நிற்பதில்லை என்பதால், தினமும் வேலைக்குக் கொண்டு செல்பவருக்கும் மாதத்திற்கு ஒருமுறை எடுப்பவருக்கும் செல் ஏறத்தாழ ஒரே காலத்தில், அதாவது இரண்டு மூன்று ஆண்டுகளில், முடிந்துவிடுகிறது. வெயிலில் நிறுத்திய வான் வண்டிக்குள் கருவியை விட்டுச் செல்வது அந்தக் காலத்தை மேலும் குறைக்கும். இதை அறிந்திருப்பதால்தான் நாங்கள் செல்களை இருப்பில் வைப்பதே இல்லை. கட்டளை கிடைத்த பின்னரே வரவழைக்கிறோம்; செல்லில் பொறித்த உற்பத்தித் திகதிக்கும் பற்றுச்சீட்டின் திகதிக்கும் இடையிலுள்ள சில மாதங்கள் கப்பலிலும் சுங்கத்திலும் கழிந்தவை. சந்தேகமுள்ள எவரும் கடைக்கு வந்தால் இறக்குமதிப் பத்திரங்களைக் காட்டுகிறோம்.

விலையைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்திற்குள் 350 ரூபாவைத் தாண்டியதையும், 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமானதையும் நாம் எல்லோருமே தாங்கி வருகிறோம்.

சம்பளத்திற்கு வேலை செய்பவருக்குக் கொம்பனி கருவி வாங்கித் தரும். சொந்தமாகத் தொழில் செய்பவர் கைக்காசைப் போடுகிறார். அவர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது, கருவியின் விலையை மட்டும் பார்க்காமல், ஐந்து ஆண்டுகளில் அதற்கு ஆகும் செல், வடிகட்டி, கலிபிரேஷன் (அளவு சரிபார்த்துத் திருத்துதல்) செலவுகளையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள் என்பதே. விலை கூடிய நீண்ட ஆயுள் செல் உள்ள கருவி, அந்தக் கூட்டலில் பல வேளைகளில் மலிவாக முடியும்.

அதற்கும் முன்னர், எந்த எரிபொருளில் வேலை செய்கிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். பிரித்தானிய வீடுகளின் எரிவாயு பொயிலர்களுக்கென்று செய்யப்பட்ட பாவித்த கருவிகள் இங்கு குறைந்த விலையில் கிடைக்கின்றன; விலையை மட்டும் பார்த்து அவற்றை வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலான கருவிகள் காபனீரொட்சைட்டை நேரடியாக அளப்பதில்லை. ஒட்சிசன் அளவையும் நாம் தெரிவு செய்த எரிபொருளையும் கொண்டு கணக்கிட்டே காட்டுகின்றன. புகையில் ஒட்சிசன் 3 வீதமாக இருக்கையில் டீசலுக்குக் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 13.2 வீதம் வரவேண்டும். கருவி இயற்கை எரிவாயுவில் விடப்பட்டிருந்தால் அதே புகைக்கு 10 வீதமளவே காட்டும், செயற்றிறன் கணக்கும் அதனுடன் பிழைக்கும். ஆகவே பியகம, கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளில் உலை எண்ணெய்ப் பொயிலர் பார்ப்பவரும், மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளில் விறகு அடுப்புப் பார்ப்பவரும் தங்கள் எரிபொருள் கருவியின் பட்டியலில் உள்ளதா என்று பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

விறகு அடுப்புப் பார்ப்பவர்கள் கவனிக்க இன்னுமொன்று உண்டு. சாதாரண காபனோரொட்சைட்டு செல் 2,000 அல்லது 4,000 பிபிஎம் (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு) வரையே தாங்கும். ஈர விறகு மூட்டும்போது புகையிலுள்ள அந்த வாயு இந்த எல்லையை எளிதில் கடந்துவிடும். கருவியின் குழாயைப் புகைபோக்கியிலேயே விட்டு வைத்தால் செல் திணறிப் பழுதாகும் என்பதால், அளந்த உடனே வெளியே எடுத்து, திரையில் ஒட்சிசன் 20.9 வீதத்திற்குத் திரும்பும் வரை நல்ல காற்றை இழுக்க விடுங்கள். நீர்ப்பொறியை (புகையிலிருந்து ஒடுங்கும் நீர் சேரும் கிண்ணத்தை) ஒவ்வொரு வேலையிலும் வடியுங்கள். குரல்பதிவில் பேசிய சகோதரரின் கருவி எங்களிடம் வந்தபோது அதன் வடிகட்டி முழுவதும் கரி படிந்திருந்தது. அவரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை, எவருக்கும் நேரக்கூடியது என்பதாலேயே சொல்கிறோம்.

எங்கள் கலிபிரேஷன் தொழில்நுட்பவியலாளர் வெளிநாடு சென்றுவிட்டமையால், கருவிகள் இனிச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டு ஆறு வாரமளவில் திரும்பும். அதுவரை தரும் இரவல் கருவிக்கு முற்பணம் பெறப்படும்.

2022இல் பெற்றோல் வரிசைகளுக்கு நடுவிலும் எங்களைத் தேடி வந்து, வருமோ வராதோ என்று தெரியாத பொருளுக்கு முற்பணம் தந்து காத்திருந்தவர்கள் நீங்கள். அந்த நம்பிக்கையால்தான் இந்தக் கடை இன்றும் திறந்திருக்கிறது. அதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

எங்களிடம் வாங்கிய கருவி எதுவானாலும், பற்றுச்சீட்டுடன் கொண்டு வந்தால் செல்லின் நிலையை இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம். போயா நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடை மூடப்பட்டிருக்கும்.

இங்ஙனம்,
உரிமையாளர்,
பழைய சோனகத் தெரு, கொழும்பு 12