அந்த 60 சம்பளச் சீட்டுகளுக்காக, நன்றி

திருப்பூரில் என்னோடு தைத்தவர்களுக்கும் எங்களுக்காக அலைந்தவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது, பழைய கம்பெனி பிடித்தும் கட்டாமல் வைத்திருந்த பணம் என் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் ஏறியதாக மெசேஜ் வந்தது. ஓவர்லாக் தையல் மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு முறை படித்தேன். அன்று இரவே எழுத நினைத்த மடல் இது.

2023 ஜூனில் மகளின் நர்சிங் படிப்புக்கு ஃபீஸ் கட்ட பி.எஃப்.பில் முன்பணம் கேட்கலாம் என்று பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பாஸ்புக்கைத் திறந்த தம்பி, "அக்கா, 2022 மார்ச்சோடு நிற்குதே" என்றார். வாரம் 300 ரூபாய் பிடித்தம், சனிக்கிழமை தவறாமல். 60 வாரத்துக்கு என் பங்கு மட்டும் 18,000. கம்பெனி போட வேண்டிய பங்கும் அதே அளவு. எதுவுமே கட்டவில்லை. அந்தத் தம்பி எங்கள் செக்‌ஷனில் இன்னும் 14 பேருக்குப் பார்த்துச் சொன்னார். ஒரு ரூபாய் வாங்கவில்லை. தம்பி, நீங்கள் மட்டும் தேதியைக் கவனிக்காமல் விட்டிருந்தால் எங்களுக்கு இது தெரியவே போவதில்லை.

அடுத்தது, தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் அக்கா. நாங்கள் எல்லாம் சம்பளச் சீட்டை அன்றைக்கே கசக்கிப் போட்டுவிடுவோம். அவர் மட்டும் அத்தனையையும் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். "பிடித்தமே இல்லை" என்று கம்பெனி சொன்னபோது அந்த டப்பாதான் பேசியது.

மனு எழுதித் தந்த சங்கத் தோழருக்கு எப்படி நன்றி சொல்வது? சம்பளத்தில் பிடித்த பி.எஃப்.பைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று சட்டமே சொல்கிறது என்பதை அவர்தான் புரிய வைத்தார். ஒவ்வொருவர் யு.ஏ.என். எண்ணையும் (பி.எஃப். உறுப்பினர் எண்) தனித்தனியாக எழுதச் சொன்னதும் அவர்தான். 27-ஆம் தேதி நடந்த பி.எஃப். குறைதீர் முகாமுக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த அதிகாரி எங்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார். சின்ன விஷயம்தான். பயந்து போயிருந்த எங்களுக்கு அது பெரிதாக இருந்தது. அப்புறம் அமலாக்க அதிகாரி கம்பெனிக்கே வந்து ரிஜிஸ்டரைக் கேட்டார். கம்பெனி கட்ட வேண்டிய பாக்கி எவ்வளவு என்று தீர்மானிக்கும் 7ஏ விசாரணை தொடங்கியது. கம்பெனி வாய்தா மேல் வாய்தா வாங்கியது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் எங்களுக்கு ஒரு ஷிப்ட் சம்பளம் போனது. தோழர் ஒன்றுக்கும் வராமல் இருந்ததில்லை.

மனுவில் கையெழுத்துப் போட்ட 11 பேருக்குத்தான் என் பெரிய நன்றி. அதில் நான்கு பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். தமிழில் எழுதியதை ஒருவர் இந்தியில் சொல்ல, மற்றவர்கள் கேட்டுவிட்டுப் பேனாவை வாங்கினார்கள். வேலை போனால் அவர்களுக்குத் தங்கும் அறையும் போய்விடும். அதைத் தெரிந்துகொண்டுதான் போட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை எங்களில் ஆறு பேரை "வேலை இல்லை" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வாரம் ஒருவருக்கொருவர் அரிசி கொடுத்து ஓட்டினோம். பிறகு பக்கத்து வீதி கம்பெனியில் சூப்பர்வைசர் அண்ணன் எதுவும் கேட்காமல் மிஷின் கொடுத்தார்.

கையெழுத்துப் போடாதவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டு வாடகை, கடன், சின்னக் குழந்தை என்று ஆளுக்கொரு கட்டாயம். அவர்களில் ஒருவர் ஒரு ராத்திரி என் வீட்டுக் கதவடியில் வருகைப் பதிவேட்டின் ஜெராக்ஸைச் சொருகிவிட்டுப் போனார். யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அந்தக் காகிதத்தால்தான் டெய்லர்களுக்கு உதவியாகக் கைமடி வேலை பார்த்த பெண்களின் பெயரும் கணக்கில் சேர்ந்தது. அவர்களை "எங்கள் ஆட்களே இல்லை" என்று கம்பெனி சொல்லிக்கொண்டிருந்தது.

கடைசியில் உத்தரவு வந்தது. இரண்டு பங்கையும் கட்டினார்கள், தாமதத்துக்கு வட்டி தனி. மகள் இப்போது இரண்டாம் வருடம். முதல் ஃபீஸை வட்டிக்கு வாங்கித்தான் கட்டினேன், அந்தக் கடனை இனி அடைத்துவிடுவேன்.

செக்கிங் அக்கா, உங்கள் பிஸ்கட் டப்பா இன்னும் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. சீட்டுகளை வார வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
ஓவர்லாக் டெய்லர், திருப்பூர்