சீட்டு மட்டும் போதுமா, கலா?

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியோடு இன்னும் நைட் டியூட்டி பார்க்கிறாய் என்று படித்ததும் கோபம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நர்ஸம்மாவுக்கு யார் சொல்வது? இங்கே எல்லாரும் நலம். பெரியவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஒரு ஆளுக்குக் குறைத்துச் சமைக்க எனக்குத்தான் இன்னும் கை வரவில்லை, தினமும் சோறு மிஞ்சுகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "ஸ்கூலுக்குப் போய் பிள்ளைங்கள பரிசோதிச்சு, ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி சீட்டு எழுதிக் கொடுத்துட்டு வர்றோம். பாதிப் பிள்ளைங்க ஆஸ்பத்திரிப் பக்கமே வர்றதில்ல. நீங்க பெத்தவங்ககிட்ட சொல்றீங்களா இல்லையா?" என்று எழுதியிருந்தாய். டீச்சர்கள் நாங்கள் சொல்கிறோம் தாயே. ஆம்பூர் பக்கத்து நிலைமையை யோசித்துப் பார். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ், திரும்ப இருட்டிவிடும். உங்கள் ஓ.பி. நடப்பதோ காலையில். வேலூருக்குப் போய் வந்தால் ஒருநாள் சம்பளம் போகும், மாதக் கடைசியில் வருகைக்கான படியும் போகும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போவார்கள். "காது கொஞ்சம் மந்தமா இருக்கு, ஒரு தடவை காட்டுங்க" என்று எழுதின சீட்டுக்காகப் போவார்களா? அது புத்தகப் பையின் அடியில் கிடந்து நைந்து போகும்.

2013-ல் ஆர்.பி.எஸ்.கே., அதுதான் மருத்துவக் குழு பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிற அரசுத் திட்டம், வந்தபோது நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம், நினைவிருக்கிறதா? பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை, பிறவிக் குறையிலிருந்து வளர்ச்சித் தாமதம் வரை எல்லாம் பார்ப்பார்கள், சிகிச்சையும் இலவசம் என்று. இப்போதும் அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவை, பள்ளிக்கு ஒரு தடவை வருகிற குழு விருந்தாளி மாதிரிதான். அன்றைக்கு லீவு போட்ட பிள்ளையை யார் பார்ப்பது? லீவு போடுகிற பிள்ளைதானே பெரும்பாலும் உடம்பு சரியில்லாத பிள்ளை!

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர் இதை எப்போதோ தீர்த்துவிட்டது. 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளியில் மதியம் சோறு போட ஆரம்பித்தார்கள். காமராஜர், எம்.ஜி.ஆர். என்று வந்து, 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. அது நின்று நிலைத்ததற்கு நான் காணும் காரணம் ஒன்றுதான்: சமைக்கிற அம்மா பள்ளியிலேயே இருக்கிறார். எந்தப் பிள்ளை சோற்றை மீதம் வைக்கிறது, எது இரண்டாவது தடவை கேட்கிறது என்று அவருக்குத் தெரியும். உடல்நலத்துக்கு அப்படி ஒரு ஆள் பள்ளியில் இல்லை. நாங்கள்தான் பார்க்கிறோம், எமிஸ் என்கிற கல்வித்துறை இணையப் பதிவேட்டில் விவரம் ஏற்றுவதற்கு நடுவில்.

வியாழக்கிழமை பள்ளியில் நாங்கள் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை விஷயத்தையே எடுத்துக்கொள். 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று வந்தது. அதனால் மாத்திரை வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் மாத்திரை சாப்பிட்டால் மலம் கருப்பாகப் போகும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சத்து சரியாகச் சேராது. இதை நான் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எங்கள் கிராம சுகாதார செவிலியர் வந்து சொன்ன அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள், அம்மாக்களும் கேட்டார்கள். 2023-ல் உதகையில் பள்ளிப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு அந்த மாத்திரைகளை நிறைய விழுங்கி, ஒரு சிறுமி இறந்தே போனாளே. அன்றிலிருந்து டப்பாவை பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறேன். கண்ணெதிரே விழுங்க வைத்த பிறகுதான் அடுத்த பிள்ளை.

கண் விஷயம் மட்டும் எங்களிடம் ஓரளவு சரியாக நடக்கிறது. எழுத்து அட்டையை ஆறு மீட்டரில் மாட்டி நாங்களே முதலில் பார்க்கிறோம். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கண் பரிசோதகர் வந்து பவர் எடுக்கிறார். கண்ணாடி பள்ளிக்கே வந்துவிடுகிறது. பார், அம்மா லீவு போட வேண்டியதில்லை, பஸ் செலவில்லை, அதனால்தான் நடக்கிறது. பெண்பிள்ளைகள் "சோடாபுட்டி" என்று கேலிக்குப் பயந்து கழற்றி வைத்துக்கொள்வது தனிக் கதை. அதற்கு ஏழாம் வகுப்பு டீச்சர், தானே கண்ணாடி போட்டவர், நாளெல்லாம் போராடுகிறார்.

ஒரு நல்ல செய்தி. விளையாட்டு பீரியடில் இரண்டு சுற்று ஓடியதும் உதடு நீலம் பாய்ந்து உட்கார்ந்துவிடுகிற ஒரு பையனை பி.டி. சார் கவனித்தார். செவிலியரிடம் போனில் சொன்னார். அவர் மறுநாளே வந்து பார்த்து, மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, கூடவே போய் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்க வைத்தார். இதயத்தில் ஓட்டை. முதலமைச்சர் காப்பீட்டில் ஆபரேஷன் ஆகிவிட்டது, ஒரு பைசா செலவில்லை. அவன் அப்பா இன்னும் அந்த பி.டி. சாரைத்தான் டாக்டர் என்கிறார்.

அதனால் இந்த வருஷம் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒன்று பேசி வைத்திருக்கிறோம். சீட்டு வாங்கின பிள்ளைகளைச் சேர்த்து, பெற்றோரிடம் சம்மதம் எழுதி வாங்கி, வீட்டில் இருக்கிற இரண்டு அம்மாக்கள் துணையோடு ஒரே நாளில் அழைத்துப் போவது. வேனுக்கு ஊரில் ஒருவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் பயமெல்லாம் அங்கே போய் வரிசையில் நின்று, "இன்னைக்கு காது டாக்டர் லீவு" என்று திரும்பி வருவதுதான்.

இங்கேதான் நீ வேண்டும். உன் ஆஸ்பத்திரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு நாள் ஒதுக்க முடிந்ததா? யாரிடம் கேட்டீர்கள், கடிதமா, நேரிலா? எங்கள் தலைமை மருத்துவரிடம் எப்படிப் பேசினால் நடக்கும் என்று விவரமாக எழுது. போனில் சொன்னால் நான் மறந்துவிடுவேன். முழங்காலுக்கும் ஒரு டாக்டரைப் பார்.

அன்புடன்,
விஜயா