சிமென்ட் சாக்கில் வந்த பாடம்

அன்புள்ள மேஸ்திரி அண்ணாச்சிக்கும், இந்த மூன்று வாரமும் கைகொடுத்த எல்லோருக்கும்,

எம்.டெக். மாணவர்களின் களப்பயிற்சி நேற்று மாலை நல்லபடியாக முடிந்தது.

அண்ணாச்சி, தாராவியிலிருந்து அந்தச் சிமென்ட் சாக்கைச் சுமந்து வரும்படி யாரும் உங்களைக் கேட்கவில்லை. உள்ளே இருந்தது, இடித்துப் போட்ட ஒரு பால்கனியின் துண்டு. மாணவர்கள் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார்கள். கம்பிக்குக் கீழே கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம், வெறும் 12 மி.மீ. கடற்காற்று நேரே படும் கான்கிரீட்டுக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 (2000) கேட்பது 45. புதிதாக உடைத்த முகத்தில், காரத்தை நிறத்தால் காட்டும் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தோம். நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். காரத்தன்மை போன இடத்தில் நிறமே வராது. இதில் கம்பியைத் தாண்டித்தான் சிவப்பு தொடங்கியது. காரம்தான் கம்பிக்குக் காவல். அது போனால் துரு ஏறும். உப்பு சேர்ந்துவிட்டால் காரம் இருக்கும்போதே அரிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளிவிடும்.

பாடம் அத்தோடு முடிந்தது என்றிருந்தோம். நீங்கள் துண்டைப் புரட்டினீர்கள். கம்பியை அச்சுப்பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சிறு கான்கிரீட் கட்டைதான் கவர் பிளாக். அதற்குப் பதிலாக யாரோ செருகிய டைல்ஸ் சில்லு கம்பியின் அடியில் அப்படியே இருந்தது. அதன் கனம்தான் அந்த 12. சில்லைச் சுற்றி ஒரு முடி அளவு இடைவெளி; தண்ணீர் உள்ளே போன வழியை விரல் வைத்துக் காட்டினீர்கள்.

"மிச்சக் கலவையில கவர் பிளாக் பண்ணாதீங்க தம்பி. ஸ்லாபுக்கு என்ன பலமோ அதே பலம் வேணும். ஏழு நாளாவது தண்ணியில கிடக்கணும். மீட்டருக்கு ஒண்ணு வெச்சு கம்பியோட கட்டுங்க, சும்மா வெச்சா கலவையை இறுக்குற வைப்ரேட்டர் பட்டதும் நழுவிரும். கட்டுக்கம்பி முனையை உள்ள மடக்கிருங்க, வெளிய நீட்டிக்கிட்டிருந்தா துரு அங்கதான் ஆரம்பிக்கும்."

கடைசி வரி எங்கள் பாடக்குறிப்பிலேயே இல்லை. இப்போது சேர்த்துவிட்டோம்.

கலவையின் இளக்கத்தைச் சோதிக்கும் ஸ்லம்ப் கோனில் ஒவ்வொரு அடுக்குக்கும் 25 குத்து முடியும்வரை வண்டியை நிறுத்திக் காத்திருந்த ரெடி மிக்ஸ் ஓட்டுநர், கான்கிரீட்டின் பலம் பார்க்கும் கியூப் சோதனைக்கு ஞாயிற்றுக்கிழமையும் கூடம் திறந்தவர், ஹெல்மெட் இரவல் தந்தவர்கள், மாட்டுங்காவிலிருந்து இட்லி அனுப்பிய வீட்டார், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு மாணவரும் பத்து கவர் பிளாக் தன் கையால் வார்த்து, நீரில் ஊறவைத்து, கம்பியில் கட்டிக் காட்டிய பிறகுதான் ஸ்லாப் வரைபடத்தைத் தொடுவார். இது உறுதி.

அந்தத் துண்டை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள், அண்ணாச்சி. ஆய்வகத்தின் ஜன்னலோரம் வைத்திருக்கிறோம், சில்லு தெரியும் பக்கம் மேலே இருக்கும்படி.

நன்றியுடன்,
கட்டுமான மேலாண்மை ஆசிரியர்கள், மும்பை