மதினிக்கு ஒரு கடிதம்: பாப்பாவை இப்போது சென்னைக்குக் கூட்டிப் போக வேண்டாம்

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் கேட்டது போனில் பேசி முடிக்கிற விஷயமில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. சனி, ஞாயிறு ஆனால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ செஸ் போட்டிக்கு ஆர்பிட்டராக, அதாவது நடுவராகப் போய் நிற்கிறேன். உள்ளே பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்க, வெளியே வராண்டாவில் சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலுமாகக் காத்திருக்கிற அம்மாக்கள் பலரும் கேட்பது நீங்கள் கேட்டதைத்தான். சென்னைக்கே குடி போய்விடலாமா? நகையை வைத்தாவது வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு அனுப்பிவிடலாமா? அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். பாப்பாவின் பெயரை எங்கேயும் போடவில்லை, கவலைப்படாதீர்கள்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே இப்போது வேண்டாம். பாப்பாவிடம் சரக்கு இல்லை என்று நினைத்துச் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது, அதைச் சரியான வரிசையில் வளர்க்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

மாநிலப் போட்டியில் 9 வயதுப் பிரிவில் அவள் தேசியப் போட்டிக்குத் தேர்வாகாமல் போனது உங்களுக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரியும். நம் நாட்டில் தேசியப் போட்டி 7, 9, 11, 13 என்று ஒற்றைப்படை வயதில் நடக்கிறது. ஆசியப் போட்டியும் உலகப் போட்டியும் 8, 10, 12 என்று இரட்டைப்படையில் நடக்கின்றன. இந்த வருடம் தேசிய அளவில் ஜெயிக்கிற பிள்ளைக்கு வெளிநாட்டில் ஆடப் போகும்போது ஒரு வயது கூடியிருக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. ஜனவரி 1-ஆம் தேதியை வைத்துத்தான் வயதைக் கணக்கிடுவார்கள். பாப்பாவுக்கு இந்த வருடம் 9 முடிகிறது. அடுத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும் அவள் 11 வயதுப் பிரிவில் ஆடலாம். அதில் தேறினால் உலகப் போட்டியின் 12 வயதுப் பிரிவு. ஆக, நமக்கு முழுதாக இரண்டு வருடம் கையில் இருக்கிறது.

அந்த இரண்டு வருடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை அவளுடைய ஸ்கோர் ஷீட்டே (ஆடிய மூவ்களை எழுதுகிற தாள்) சொல்கிறது. மாநிலப் போட்டியில் ஆறாவது ரவுண்டு டிரா ஆனது ஞாபகம் இருக்கிறதா? நீங்கள்கூட, "கையில் இருந்ததை விட்டுவிட்டாள்" என்றீர்கள். அந்த ஷீட்டை வாங்கி வந்து போர்டில் வைத்துப் பார்த்தேன். கடைசியில் இரண்டு பக்கமும் ஒரு யானை, பாப்பாவுக்கு மட்டும் ஒரு சிப்பாய். சிப்பாய் ஏழாவது வரிசையில் நிற்கிறது, இன்னும் ஒரு கட்டம் போனால் ராணி. அதற்கு முன்னால் எட்டாவது வரிசையில் அவளுடைய ராஜா. எதிராளியின் ராஜாவை இரண்டு நெடுக்கு வரிசை தள்ளி யானையால் அடைத்தும் வைத்துவிட்டாள். இதுவரை அருமையான ஆட்டம். ஒன்பது வயதில் இந்த நிலைக்கு ஆட்டத்தைக் கொண்டுவருவது சாதாரணம் இல்லை.

அப்புறம் அவசரப்பட்டு ராஜாவை வெளியே எடுத்தாள். எதிராளி பின்னாலிருந்து யானையால் செக் வைத்தான். ராஜா திரும்ப உள்ளே, மறுபடி வெளியே, மறுபடி செக். ஒரே நிலை மூன்று முறை வந்து டிரா. இந்த நிலைக்கு லூசினா என்று பெயர். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தைச் சொல்லித்தருகிற எல்லா எண்டிங் புத்தகத்திலும் ஜெயிக்கும் வழி உண்டு. முதலில் யானையை நாலாவது வரிசையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு ராஜா வெளியே வர வேண்டும். எதிராளி செக் வைக்க வைக்க ராஜா ஐந்தாவது வரிசை வரைக்கும் இறங்கி வரும். கடைசி செக்கை யானை குறுக்கே வந்து மறைத்துவிடும். பாலம் கட்டுவது என்பார்கள். அவ்வளவுதான்.

அவளுக்கு லூசினா தெரியாது என்பது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. ஒரு மாலையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். என்னை உறுத்தியது வேறு. 90 நிமிடமும், ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடி கூடுதலும் உள்ள ஆட்டம் அது. முடிந்தபோது அவள் கிளாக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்திருக்கிறது. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது, ஒரு மணி நேரமும் இருக்கிறது, பிள்ளை சில விநாடிகளில் ராஜாவைத் தூக்கி வைக்கிறாள். பத்து நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தால், புத்தகம் படிக்காமலேயே அந்த வழியை அவளே கண்டுபிடித்திருக்க முடியும் என்று நான் நம்புகிறேன். அந்த அளவுக்குக் கணக்குப் போடுகிற பிள்ளை அவள்.

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது? நம் பக்கம் நடக்கிற ஒருநாள் போட்டிகளிலிருந்து. காலையில் தொடங்கி சாயங்காலத்துக்குள் ஆறேழு ரவுண்டு, ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு பிரிவிலும் வரிசையாகக் கோப்பைகள். மதுரை, திண்டுக்கல், விருதுநகர், தேனி என்று ஒரு ஞாயிறு விடாமல் போனீர்கள். அந்தப் போட்டிகளைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்குப் போர்டின் மேல் ஆசை வருவதே அங்கேதான். ஆனால் இரண்டு வருடம் அதையே ஆடினால் கை முந்திக்கொள்ளும். உலக இளையோர் போட்டி 11 ரவுண்டு. ஒரு ஆட்டம் நாலு மணி நேரம்கூட இழுக்கும். நாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கத் தெரிந்த பிள்ளைகள்தான் அங்கே எதிரே வந்து உட்காருவார்கள்.

அதனால் முதல் வேலை இது. ஒருநாள் போட்டிகளை மாதத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். ஆடுகிற ஒவ்வொரு நீண்ட ஆட்டத்திலும், மூவ் எழுதும்போது பக்கத்திலேயே கிளாக்கில் மீதி எவ்வளவு என்றும் எழுதச் சொல்லுங்கள். விதிப்படி அனுமதி உண்டு, எந்த ஆர்பிட்டரும் தடுக்க மாட்டார். (மூவை ஆடுவதற்கு முன்னால் எழுதி வைப்பதுதான் கூடாது.) வீட்டுக்கு வந்து அந்தத் தாளைப் பார்த்தால் எங்கே யோசித்தாள், எங்கே பறந்தாள் என்று செஸ் தெரியாத நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது வேலைதான் எல்லாவற்றிலும் பெரியது. தோற்ற ஆட்டத்தையும் விட்ட ஆட்டத்தையும் அவளே எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். போனில் இன்ஜினை, அதாவது சரியான மூவைச் சொல்கிற செஸ் மென்பொருளைப் போட்டு "இங்கேதான் தப்பு" என்று காட்டுவதில் பிரயோஜனம் இல்லை. அது பதிலைச் சொல்லும். அவள் அந்த நேரத்தில் என்ன நினைத்தாள், எதைப் பார்க்காமல் விட்டாள் என்பதைச் சொல்லாது. குகேஷ் சிறுவனாக இருந்தபோது அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா இன்ஜினைத் தொடவிடாமல்தான் வளர்த்தார். 12 வயதில், 2019 ஜனவரியில் கிராண்ட்மாஸ்டர் ஆன பிள்ளை அது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5–6.5 என்று ஜெயித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். எல்லாப் பிள்ளையும் குகேஷ் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொந்த மூளையால் தன் ஆட்டத்தைப் பார்க்கிற பழக்கம் எந்தப் பிள்ளைக்கும் வரும். அதற்குக் காசு வேண்டாம், சென்னை வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு போர்டு போதும்.

தோற்று வந்த அன்றைக்கே உட்கார வைக்காதீர்கள். சாப்பிடட்டும், தூங்கட்டும், அழுதால் அழட்டும். "எப்படி விட்டாய்?" என்ற கேள்வியை மட்டும் ஹாலின் வாசலில் வைத்துக் கேட்காதீர்கள். அண்ணனிடமும் சொல்லி வையுங்கள். மறுநாள் மாலை, அவளாகவே நோட்டில் எழுதட்டும்: எந்த மூவில் ஆட்டம் திரும்பியது, அப்போது நான் என்ன நினைத்தேன், வேறு என்ன ஆடியிருக்கலாம்.

ரேட்டிங், அதாவது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டுகிற எண், அதன் விஷயமாகவும் ஒன்று. 1500 வந்துவிட்டது, இனிமேல் பார்த்துப் பார்த்துத்தான் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்காதீர்கள். 18 வயது ஆகும் வருடம் முடியும்வரை, ரேட்டிங் 2300-க்குக் கீழே இருந்தால், பிள்ளைகளுக்கு ஏற்ற இறக்கத்தை 40-ஆல் பெருக்கிக் கணக்குப் போடுவார்கள். சம ரேட்டிங் உள்ளவரை ஜெயித்தால் 20 ஏறும், தோற்றால் 20 இறங்கும். 200 கூடுதலாக உள்ளவரை ஜெயித்தால் சுமார் 30 ஏறும், அவரிடம் தோற்றால் இறங்குவது 10 போலத்தான். பெரியவர்களோடு ஆடி உதை வாங்குவதில் பாப்பாவுக்கு நஷ்டம் மிகக் குறைவு, லாபம் அதிகம். ஒரே போட்டியில் நூறு போனாலும் அடுத்த இரண்டு போட்டியில் திரும்பிவிடும். ரேட்டிங்கைப் பூட்டி வைத்து ஆடாமல் இருக்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். பாவமாக இருக்கும். இன்னொன்று, பெண் பிள்ளை என்பதற்காகப் பெண்கள் பிரிவில் மட்டும் சேர்க்காதீர்கள். தேர்வுப் போட்டி தவிர மற்ற இடங்களில் ஆண், பெண் எல்லோரும் சேர்ந்து ஆடுகிற ஓப்பனில் ஆடட்டும்.

சரி, சென்னைக்கு வருகிறேன். நீங்கள் சொல்கிற நியாயம் எனக்கும் புரிகிறது. நான் குடியிருக்கிற இதே திருநகரில் பிறந்தவர்தான் அரவிந்த் சிதம்பரம். சிறு வயதிலேயே அப்பாவை இழந்தவர். அம்மாவோடு சென்னைக்குப் போனார், ஆர்.பி. ரமேஷிடம் பயின்றார். 2013-இல் 14 வயதில் சென்னை கிராண்ட்மாஸ்டர் ஓப்பனில் பெரிய பெரிய ஆட்களைத் தாண்டி முதலிடம் பிடித்தார். 2018, 2019 இரண்டு முறையும் தேசிய சாம்பியன். 2024-இல் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ், 2025-இல் பிராக் மாஸ்டர்ஸ் போட்டிகளையும் ஜெயித்தார். காரைக்குடி பிரணேஷ் 2023 ஜனவரியில் ஸ்டாக்ஹோமில் ரில்டன் கோப்பையை ஜெயித்து இந்தியாவின் 79-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். நம் மண்ணிலிருந்து போன இரண்டு பேர். ஒரு கட்டத்துக்கு மேல் நல்ல பயிற்சியாளரும், தினமும் ஆட சமமான ஆட்களும் வேண்டும் என்பது உண்மை. அந்தக் கட்டம் பாப்பாவுக்கு வரும்போது நானே முன்னால் நின்று வீடு பார்த்துக் கொடுப்பேன்.

அந்தக் கட்டம் இது இல்லை. திருமங்கலத்தில் அண்ணன் கடையை விட்டு வர முடியாது. நீங்களும் பாப்பாவும் மட்டும் போனால் தம்பி பாட்டியிடம் இருக்க வேண்டும். வீடு இரண்டாகும், வாடகை இரண்டாகும். அந்த பாரத்தை ஒன்பது வயதுப் பிள்ளை தோளில் உணர ஆரம்பித்துவிடுவாள். "எனக்காகத்தானே இவ்வளவும்" என்று நினைக்கிற பிள்ளையால் போர்டில் துணிந்து ஆட முடியாது. வகுப்புக்கு இப்போது ஆன்லைனே போதும். சென்னையில் இருக்கிற பயிற்சியாளர்கள் நிறையப் பேர் அப்படித்தான் எடுக்கிறார்கள். வருடத்துக்கு நாலைந்து நீண்ட ரேட்டிங் போட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் போய் ஆடிவிட்டு வாருங்கள்.

வெளிநாட்டுப் போட்டிக்கு சொந்தச் செலவில் கூடுதல் வீரராகப் போகலாம் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அப்படி ஒரு வழி இருக்கிறது. ஆனால் டிக்கெட், தங்குமிடம், கூட வருகிற உங்கள் செலவு எல்லாம் நம் தலையில். தேசியப் போட்டியில் ஜெயித்து நாட்டின் அதிகாரபூர்வ வீரராகப் போனால் தங்குமிடமும் சாப்பாடும் நடத்துகிறவர்கள் பொறுப்பு. அரசு பக்கமும் கேட்க ஓர் உரிமை வரும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் திட்டங்கள் இருக்கின்றன, 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை இருக்கிறது. சான்றிதழ்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் இருக்கிற மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு நானே கூட வருகிறேன். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

பிரக்ஞானந்தாவின் அம்மா ஊர் ஊராக ரைஸ் குக்கரோடு கூடப் போன கதையைச் சொல்லி நீங்கள் கண் கலங்கினீர்கள். மகள் வைஷாலியையும் சேர்த்து இரண்டு கிராண்ட்மாஸ்டர்களை வளர்த்த தாய் அவர். நீங்களும் அதைச் செய்வீர்கள், எனக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. பிள்ளைக்குச் செஸ் சொல்லித்தரத் தெரியவில்லையே என்று மட்டும் மனசைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நோட்டை எழுதினாளா என்று பார்க்கிற ஆள் வீட்டில் ஒருவர் வேண்டும். அது நீங்கள்தான்.

நம் ஊரில் உண்மையான குறை ஒன்று இருக்கிறது: நீண்ட ஆட்டம் ஆட ஆள் கிடைப்பதில்லை. அதற்கு நான் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். ரேட்டிங் உள்ள பெரியவர்கள் சிலரும் கல்லூரிப் பையன்கள் சிலரும் ஞாயிறு காலை 9 மணிக்கு எங்கள் வீட்டு மாடிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கு 90 நிமிடம், ஒரே ஆட்டம், முடிந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து அதையே திரும்பப் பார்க்க வேண்டும். கட்டணம் கிடையாது. இதைப் படிக்கிற மற்ற அம்மாக்களும் பிள்ளைகளை அனுப்பலாம்.

பெரியார் பஸ்ஸில் ஏறினால் திருநகரில் இறங்கிவிடலாம். பாப்பாவிடம் மாநிலப் போட்டி ஸ்கோர் ஷீட்டுகளை எல்லாம் எடுத்து வரச் சொல்லுங்கள். கிளாக்கும் போர்டும் என்னிடம் இருக்கிறது. மதியச் சாப்பாடு இங்கேதான்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்
திருநகர், மதுரை