கொல்கத்தா பார்சலுக்கு இனி ஐந்து நாள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மாதவரத்தில் நீங்கள் புக் செய்யும் பார்சல் கொல்கத்தா சேர மூன்று நாள் என்று இதுவரை சொல்லி வந்தோம். வரும் முதல் தேதியிலிருந்து ரசீதில் ஐந்து நாள் என்றே எழுதப்போகிறோம். சௌகார்பேட்டையிலிருந்தும் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் பலர் காரணம் கேட்டிருப்பதால், கணக்கை அப்படியே உங்கள் முன் வைக்கிறோம்.

சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 1,360 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தக் கோட்டின் பெரும்பகுதி வங்கக் கடலின் மேல் போகிறது. நம் ஜி.என்.டி. ரோட்டில் புறப்படும் லாரி, செங்குன்றம் தாண்டி, 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர் எனக் கரையை ஒட்டியே வளைந்து சென்று, சுமார் 1,670 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். செல்பேசி வரைபடம் காட்டும் நேரம் காருக்கு உரியது. முழு லோடு ஏற்றிய லாரிக்கு, சுங்கச்சாவடி, டீசல், ஊர்ப்புற நெரிசல் எல்லாம் சேர்த்து, மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல ஓட்டம். அப்படியானால் ஓட்டம் மட்டுமே ஏறத்தாழ 42 மணி நேரம்.

அந்த 42 மணி நேரத்தை ஓட்டுவது மனிதர்கள். 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரத்தை வழக்கமான வரம்பாக வைத்திருந்தது. சென்ற ஆடி மாதம், மூன்றாம் நாள் சரக்கு சேர வேண்டும் என்பதற்காக இரவு முழுவதும் ஓட்டிய எங்கள் ஓட்டுநர், ஓங்கோலுக்கு அப்பால் விடியற்காலையில் கண்ணயர்ந்துவிட்டார். வண்டி நடுத்தடுப்பில் உரசி நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அவரை அப்படி ஓட வைத்தது நாங்கள் உங்களுக்குக் கொடுத்த வாக்கு என்பதை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் இனி ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு ஓட்டுநர்கள் முறைவைத்து ஓட்டுவார்கள்; ஆளுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் வீதம் அவர்களுக்கு மூன்று நாள் தேவை. இங்கே லோடு நிரம்பித் தார்ப்பாய் கட்ட ஒரு நாள் ஆகிறது. கொல்கத்தாவில் பகலில் கனரக லாரிகளுக்கு நகருக்குள் தடை இருப்பதால், வெளியே காத்திருந்து, சிறிய வண்டிக்கு மாற்றி, அங்குள்ள மொத்த வியாபாரச் சந்தையான படா பஜார் சேர்க்க இன்னொரு நாள்.

சரக்குடன் செல்ல வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான ஈ-வே பில் காலாவதியாகிவிடுமோ என்ற கவலை வேண்டாம். 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. இந்தத் தூரத்துக்கு ஒன்பது நாள் கிடைக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு மட்டும் ஐந்து நாளையும் உறுதியாகச் சொல்ல இயலாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கிவிட்டு, பாபட்லா அருகே கரை கடந்தது. புயல் போன வழியும் நம் லாரி போகும் வழியும் ஏறத்தாழ ஒன்றே. அத்தகைய நாளில் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு உங்களுக்குத் தகவல் சொல்வோம்.

துர்கா பூஜைக்கான துணி லோடுகளை இரண்டு வாரம் முன்னதாகவே புக் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். வாடகையில் மாற்றம் இல்லை. இரண்டாவது ஓட்டுநரின் சம்பளத்தை நாங்களே ஏற்கிறோம்.

இப்படிக்கு,
நிர்வாகம்,
பார்சல் புக்கிங் ஆபீஸ், மாதவரம்