பாப்பா, அந்த வீட்டுக்கு டோக்கன் கொடுத்துவிடாதே

பாப்பாவுக்கு,

போனில் பேச ஆரம்பித்தாலே உன் பக்கம் ஒரு குழந்தை அழுகிறது, நீயும் "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

டே கேருக்குத் தனி வீடு வேண்டும் என்று நீ சொல்வது சரிதான். போன மாதம் கடலூரில் உன்னோடு நாலு நாள் இருந்தேனே, பார்த்தேன். ஹால் முழுக்கப் பதினோரு பாய், மாப்பிள்ளை சட்டை மாட்டப் போனால் ஆணியில் ஏதோ ஒரு குழந்தையின் பை. சின்னவன் ஸ்கூல் விட்டு வந்தால் அவன் கட்டிலில் வேறொரு பிள்ளை தூங்குகிறது, இவன் அடுப்படித் தரையில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுகிறான். அவன் முணுமுணுக்கக்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் பெண்ணையாற்றுப் பக்கம் காட்டினாயே, அந்த வீடு வேண்டாம். பிளக் பாயின்ட் எல்லாம் தலை உயரத்துக்கு இருக்கிறது, "குழந்தைங்க கை படாது, உங்களுக்குன்னே கட்டுன மாதிரி இருக்கு" என்றார் புரோக்கர். நீயும் சிரித்தாய். நீங்கள் மாடிக்குப் போனதும் நான் கீழே குனிந்து பார்த்தேன். பழைய பிளக் பாக்ஸ் இருந்த இடத்தைப் பூசி மூடியிருக்கிறார்கள், நகத்தால் சுரண்டினால் பூச்சு பொரிப்பொரியாக உதிர்கிறது. இடுப்புக்குக் கீழே மட்டும் புது பெயிண்ட். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு இந்த ஆற்றின் மேலே இருக்கிற சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்களே, அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியிருக்கும். மழை லீவில் பிள்ளைகள் வரமாட்டார்கள், அது வேறு விஷயம். தண்ணீர் வடிந்த பிறகு சேறு அள்ளி, சுவர் காய்ந்து, மறுபடி பிள்ளைகளைப் படுக்க வைக்க எத்தனை நாளாகும்? தவணை அதுவரை நிற்குமா?

தவணை என்றதும் ஞாபகம் வருகிறது, நீ போட்ட கணக்கில் பாதிதான் இருக்கிறது. 40 லட்சம் வீட்டுக்கு பேங்கில் 80 சதவீதத்துக்கு மேல் தரமாட்டார்கள். 8 லட்சம் கைப்பணம். முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம், அது ஒரு 3 லட்சத்து 60 ஆயிரம், இதற்கு லோன் கிடையாது. 32 லட்சத்துக்கு இருபது வருஷம், எட்டரை வட்டி என்றாலும் மாதம் 27,000க்கு மேல் போகும். பதினோரு பிள்ளைக்கு 3,500 வீதம் உனக்கு வருவது 38,500, அதில் ஆயா சம்பளம், பால், கேஸ். தனி வீட்டில் இதை மட்டும் நடத்தினால் கரண்டும் வீட்டு ரேட்டில் ஓடாது, அந்த இலவச யூனிட்டும் போய்விடும். அந்தப் பதினோரு பேரில் ஆறு பேர் டீச்சர் பிள்ளைகள். மே மாதம் அம்மாக்கள் வீட்டில் இருப்பார்கள், பாதி ஃபீஸ் கேட்கவே உனக்கு வாய் வராது, எனக்குத் தெரியாதா உன்னை!

வாங்காமல் எடு என்கிறேன். உன் பின் தெருவில் கீழ்ப்போர்ஷன் காலியாக இருக்கிறதே, போக்கியத்துக்கோ வாடகைக்கோ மூணு வருஷத்துக்குக் கேள். அக்ரிமென்ட் போடுகிறபோதே டே கேர் என்று எழுதிவிடு, பின்னால் சத்தம் என்று கிளப்புவார்கள். உள் அறை ஒன்று தனியாக இருந்தால் தொட்டில் கட்டலாம். தமிழ்நாடு கவர்மென்ட் வேலையில் இருக்கிற பெண்களுக்குப் பிரசவ லீவு ஒரு வருஷம், அவர்கள் பிள்ளை தத்தித் தத்தி நடக்கும்போதுதான் வரும். பேங்க்காரப் பெண்களுக்கு 26 வாரம்தான், கைக்குழந்தையாகவே தூக்கிக்கொண்டு வருவார்கள், அதுகளை ஓடுகிற பிள்ளைகளோடு போட முடியாது. பாத்ரூமின் உள்தாழ்ப்பாளை முதல் நாளே கழற்று, சம்ப் மூடிக்குப் பூட்டு போடு. நீயே மூணு வயசில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாய், அப்பா ஜன்னல் கம்பியை அறுத்தார்.

அட்வான்ஸுக்கு போஸ்ட் ஆபீஸில் இருக்கிற என் 2 லட்சத்தை எடுத்துத் தருகிறேன். வட்டி எல்லாம் வேண்டாம், சின்னவனுக்கு அவன் கட்டிலைத் திருப்பிக் கொடு.

ஞாயிற்றுக்கிழமை காலை பாண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன். இறால் வாங்கி வரட்டுமா, இல்லை மாப்பிள்ளை மாலை போட்டுவிட்டாரா?

அம்மா