வள்ளிக்கும் தனிச் சம்பளம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேடையிலும் வாழ்விலும் இணைந்த கலைத் தம்பதியரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். செய்திகள் நன்றாகவே தொகுக்கப்பட்டிருந்தன. ஆயினும் கே.பி.சுந்தராம்பாளையும் டி.ஏ.மதுரத்தையும் கணவர்களின் புகழுக்குத் துணை நின்றவர்களாக மட்டுமே கட்டுரையாளர் காட்டியிருப்பது எனக்கு உடன்பாடில்லை.

1926இல் இலங்கையில் நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு மேடையேறியபோதே சுந்தராம்பாள் பெயர்பெற்ற பாடகி. மறு ஆண்டு மணந்தார்கள்; 1933இல் கிட்டப்பா 27 வயதில் காலமானார். அந்தச் சில ஆண்டுகளிலும் பிணக்கும் பிரிவும் இல்லாமல் இல்லை. கணவர் மறைந்தபின் வெள்ளைப் புடவை உடுத்தி, எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்த அவர், 1935இல் 'நந்தனார்' படத்தில் நந்தனார் வேடத்தையே தாம் ஏற்று, அதற்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியமும் பெற்றார். கட்டுரையாளர் இதைத் துறவு என்கிறார். காதலையும் விட்டுக்கொடுக்காமல் தொழிலையும் விட்டுவிடாமல் தமக்கான நிபந்தனையைத் தாமே வகுத்துக்கொண்ட ஒரு கலைஞரின் உறுதியாகவே நான் அதைப் பார்க்கிறேன். அதேபோல, லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதான கணவர் என்.எஸ்.கிருஷ்ணன் 1947இல் விடுதலையாகும் வரை வழக்கையும் நடத்தி, நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமம் போன்றோரின் துணையோடு நாடக சபையும் கலைந்துவிடாமல் காத்தவர் மதுரம்.

பழைய கதையை இவ்வளவு சொல்வதற்குக் காரணம், எங்கள் செட்டிநாட்டுப் பகுதியில் இன்றும் இது நடைமுறைச் சிக்கலாக இருப்பதுதான். மாசி, பங்குனி பிறந்துவிட்டால் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் வைப்பார்கள்; பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம்தான். இதில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுப்பார்கள். ஒத்திகையும் இல்லாமல் அவர்கள் அன்றிரவு மேடையில் சந்திப்பார்கள். ஆகவே கணவர் ராஜபார்ட்டும் மனைவி ஸ்திரீபார்ட்டுமாக இருக்கும் குடும்பத்தில், ஒரே இரவில் அவர் புதுவயல் பக்கமும் இவர் திருமயம் பக்கமும் போய், விடிந்தபின் வீட்டில் பார்த்துக்கொள்வது சாதாரணம்.

இருவரையும் சேர்த்து அழைக்கலாமே என்றால், விழாக் குழுக்களில் இரண்டு விதமான பேச்சு எழும். எங்கள் ஊர்க் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் இரண்டையும் காதாரக் கேட்டிருக்கிறேன். "புருஷன் பொண்டாட்டி தர்க்கம் பண்ணினா காரம் இருக்காதுப்பா" என்பது ஒன்று; தர்க்கம் என்பது மேடையில் இருவர் பாட்டாலும் பேச்சாலும் வாதிடும் கட்டம். "ஜோடியா வர்றவங்கதானே, கொஞ்சம் கொறச்சுக்கச் சொல்லுங்க" என்பது மற்றொன்று.

முதலாவது சுத்த அபத்தம். ஒருமுறை அப்படி ஒரு தம்பதி எங்கள் ஊரில் ஆடியபோது, நள்ளிரவு தாண்டி நாரதராக வந்த கணவரை வள்ளியாக நின்ற மனைவி கேள்வி மேல் கேள்வி கேட்டு மடக்கிவிட்டார். அவருக்கு அடுத்த அடி எடுக்கவில்லை. ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்தபடி சிரிக்கிறார். "வீட்லயும் இப்படித்தானாக்கா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்த, அந்த அம்மாள் அதையும் ராகத்திலேயே வாங்கி, "வீட்டில் அவர் வாய் திறந்தால் அல்லவா விடை சொல்வேன்" என்று பாடி முடித்தார். பந்தல் அதிர்ந்தது. ஒத்திகையே இல்லாத மேடையில், ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்தவர்களுக்குத்தான் அந்த வேகம் வரும். அவர்களுடைய குழந்தை அப்போது திரைக்குப் பின்னால் உடுப்புப் பெட்டி மேல் தூங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தவர் அந்த அம்மாளின் தாயார்.

இரண்டாவது பேச்சுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. குறைக்கச் சொல்லும் தொகை எப்போதும் மனைவியின் சம்பளத்திலிருந்தே குறைகிறது. திருமணமானதும் ஸ்திரீபார்ட்டின் மதிப்பு இறங்குகிறது. குழந்தை பிறந்தால் அம்மா வேடத்துக்கு வரச் சொல்கிறார்கள். ராஜபார்ட்டுக்கோ நாற்பது வயதுக்கு மேல்தான் கிராக்கி ஏறுகிறது. இந்த நிலையில், குடும்பத்துக்காக மனைவி ஒதுங்கிக்கொண்டார் என்று பின்னாளில் யாராவது கட்டுரை எழுதினால், அவரை ஒதுக்கியதில் எங்களைப் போன்ற குழுக்களின் கணக்கு நோட்டுக்கும் பங்கு உண்டு என்பதைச் சேர்த்து எழுத வேண்டும்.

வரும் பங்குனிக்குள் தங்கள் நிருபர் ஒருவரை இப்பக்கம் அனுப்பி, இன்று ஆடிக்கொண்டிருக்கும் தம்பதியரிடம் நேரில் பேசி எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள்: நோட்டீசில் இருவர் படத்தையும் ஒரே அளவில் போடுங்கள், பெண் கலைஞர்கள் வேடம் மாற்றக் கதவுள்ள ஓர் அறை கொடுங்கள், சம்பளத்தை இரண்டு வரியாக எழுதி, இருவர் கையிலும் தனித்தனியே கொடுங்கள். சிக்கனம் பிடித்தே ஆக வேண்டுமென்றால் வண்டிப்படியை வேண்டுமானால் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் ஒரே வண்டியில்தானே வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கண்டனூர்.